பழைய படகு, புதுக் கருவிகள்: இருக்கிற ஒயரை வைத்துக்கொள்வதா, பிடுங்கிவிடுவதா?

#1 புதுத்துடுப்பு

வணக்கம். போன மாதம் 23 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஒற்றை ஔட்போர்டு (பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்), தளத்துக்கு அடியில் பெட்ரோல் டேங்க், பேட்டரி ஒன்றே ஒன்று. உடம்பைத் தட்டிப் பார்த்தேன், எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் திருப்தி. டாஷ்போர்டுக்குப் பின்னால் மட்டும் பார்க்கவில்லை. நேற்று நான்கு திருகைக் கழற்றி மூடியை எடுத்தபோதுதான் என்ன வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

பேனலில் சுவிட்ச் 6. பின்னால் வந்து சேரும் ஒயர்கள் 31. நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் எண்ணினேன், 31தான். ரேடியோவுக்குப் போகும் ஒயரைப் பக்க விளக்கு ஒயரோடு முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப்பின் பசை உருகி விரலில் தார் மாதிரி ஒட்டுகிறது. சில ஒயர்கள் சிவப்பாகக் கிளம்பி நீலமாக வந்து சேர்கின்றன. இரண்டு ஒயர் எங்கும் போகாமல் சும்மா தொங்குகின்றன, அதில் ஒன்றில் 12 வோல்ட் வருகிறது!

பொருத்த நினைப்பவை: ஆழமானியோடு சேர்ந்த 9 அங்குல சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடத் திரை), படகுகள் ஒன்றுக்கொன்று தங்கள் இடத்தை அறிவிக்கும் ஒரு ஏ.ஐ.எஸ். டிரான்ஸ்பாண்டர். வி.எச்.எஃப். ரேடியோ படகிலேயே இருக்கிறது, சிவப்பு டி.எஸ்.சி. (அபாய அழைப்பு) பட்டனோடு, வேலையும் செய்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ள ஆசை. வீட்டு ஒயரிங் கொஞ்சம் செய்திருக்கிறேன், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். பழைய ஒயர்களில் 12.6 வோல்ட் சுத்தமாகக் காட்டுகிறது. அவற்றையே பயன்படுத்தினால் என்ன? ஆழமானிக்காக ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசருக்காகப் படகில் ஓட்டை போட வேண்டுமா? அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

#2 பழைய நங்கூரம்

வாழ்த்துகள் நண்பரே. டாஷுக்குப் பின்னால் பார்த்துவிட்டு வாங்கியவர் இந்த மன்றத்தில் யாரும் இல்லை, கவலை வேண்டாம்.

அந்த 12.6ஐ நம்பாதீர்கள். லோடு இல்லாத ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும். ஏதாவது ஒரு ஒயரின் முனையை 2 செ.மீ. உரித்துப் பாருங்கள். செம்பு செம்பாக இருக்கிறதா, கறுத்திருக்கிறதா? கறுத்திருந்தால் இன்னும் 10 செ.மீ. தள்ளி உரியுங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உள்ளே ஏறிவிட்டது. வெள்ளீயம் பூசாத சாதாரணச் செம்பின் கதி இதுதான்.

இன்னொரு சோதனை. 55 வாட் கார் முகப்பு விளக்கு பல்பு ஒன்றை அந்த ஒயரின் நுனியில் மாட்டி எரியவிடுங்கள். நாலரை ஆம்பியர் இழுக்கும். அப்போது பல்பின் முனையில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 12.5, பல்பில் 10.8 என்று வந்தால் மிச்சம் 1.7 வோல்ட் நடுவில் எங்கோ சூடாகிக்கொண்டிருக்கிறது. கையால் தொட்டுக்கொண்டே போனால் எந்த இணைப்பு என்றுகூடத் தெரிந்துவிடும்.

என் ஓட்டு: எஞ்சினின் ஒயர் கொத்தைத் தொடாதீர்கள். மற்ற அனைத்தையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

#3 கடற்காகம்

"அனைத்தையும் பிடுங்குங்கள்" என்று கரையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம் நங்கூரம் அண்ணே. ஒரு சனிக்கிழமை காலையில் பிடுங்க ஆரம்பித்து, ஞாயிறு மாலை ஒரு மூட்டை ஒயரும் ஓடாத படகுமாக நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் படகில் பாதி ஒயர் பழையதுதான். 12 வருடமாக ஓடுகிறது. வெள்ளீயம் பூசிய நல்ல ஒயரை வயதாகிவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போடுவது அநியாயம்.

தம்பி, முதலில் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கண்டுபிடித்துச் சீட்டு ஒட்டுங்கள். காகிதத்தில் படம் வரையுங்கள். எது பிளஸ், எது மைனஸ், எந்தச் சுவிட்ச் என்று எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு சர்க்யூட்டாக மாற்றுங்கள், ஒன்றை முடித்துச் சோதித்த பிறகே அடுத்தது.

தளத்துக்கு அடியில் போகும் செத்த ஒயரை வெறுமனே இழுத்து எடுத்துவிடாதீர்கள். அதன் வாலில் புது ஒயரையும் ஒரு நைலான் கயிறையும் கட்டி இழுங்கள். பழசு வெளியே வரும்போது புதுசு உள்ளே போகும், கயிறு அடுத்த முறைக்கு அங்கேயே கிடக்கும். அந்தக் குழாய் வழி ஒருமுறை வெறுமையாகிவிட்டால் அப்புறம் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

#4 கம்பிக்காரன்

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் கணக்கு மட்டும் போடுகிறேன்.

பேட்டரி அமரத்தில் (பின்முனையில்), டாஷ் நடுவில். ஒயர் வளைந்து போகும் வழி 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்விட்டுத் திரும்பியும் வர வேண்டும், ஆகவே கணக்கில் 10 மீட்டர். வீட்டு ஒயரிங் செய்தவர்கள் முதலில் சறுக்குவது இந்தத் திரும்பும் வழியில்தான். 25 வாட்டில் பேசும்போது ரேடியோ 6 ஆம்பியர் வரை இழுக்கும். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5ல் 0.42. 4ல் 0.26. படகு மின்சாரத்துக்கான ஏ.பி.ஒய்.சி. இ-11 தரம், வழிகாட்டும் கருவிகளுக்கும் வழிவிளக்குகளுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்கிறது. 12 வோல்ட்டில் அது 0.36. ஆக 2.5 கூடத் தேறவில்லை. 230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் பேட்டரியிலிருந்து தனித்தனியாக 4 சதுர மி.மீ. இழுக்க வேண்டாம். 16 சதுர மி.மீ.யில் ஒரு ஜோடி தடித்த ஒயர் டாஷ் வரை வரட்டும். எல்லாக் கருவியும் சேர்ந்து 15 ஆம்பியர் இழுத்தாலும் 0.16 வோல்ட்தான் விழும். டாஷுக்குப் பின்னால் பிளஸுக்கு ஒரு ஃபியூஸ் பிளாக், மைனஸுக்கு ஒரு பஸ்பார் (எல்லா மைனஸ் ஒயரும் சேரும் உலோகப் பட்டை). அங்கிருந்து கருவிக்கு அரை மீட்டர்தான் தூரம். உங்களுடைய 31 ஒயரில் முக்கால்வாசி இந்த இரண்டு பொருள் இல்லாததால் பிறந்தவை. முன்பு இருந்தவர் ஒவ்வொரு முறை ஒரு கருவி வாங்கும்போதும் பக்கத்தில் எந்த ஒயர் கிடைத்ததோ அதில் முறுக்கியிருக்கிறார்.

பேட்டரி பக்கம் ஒரு பெரிய ஃபியூஸ் கட்டாயம், பிளஸ் முனையிலிருந்து 178 மி.மீ.க்குள். அந்தத் தூரத்துக்குள் என்று சொல்வதற்குக் காரணம், ஃபியூஸுக்கு முந்தைய ஒயர் எங்கேயாவது உரசி மைனஸில் பட்டால் அதைத் தடுக்க எதுவுமே கிடையாது.

#5 புதுத்துடுப்பு

கம்பிக்காரன் சார், ஒரு சந்தேகம். பிளாட்டரோடு வந்த ஒயரிலேயே சின்ன ஃபியூஸ் இருக்கிறது. பேட்டரி பக்கத்தில் இன்னொன்று, பிளாக்கில் வேறொன்று. மூன்று எதற்கு?

#6 கம்பிக்காரன்

பேட்டரி பக்கத்து ஃபியூஸ் தடித்த ஒயரைக் காப்பாற்ற. 16 சதுர மி.மீ.க்கு 50 ஆம்பியர் போடுங்கள். பிளாக்கில் இருப்பது அங்கிருந்து கிளம்பும் மெல்லிய ஒயரைக் காப்பாற்ற. கருவியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவையே பிளாக்கில் போட்டால் ஒயர், கருவி இரண்டும் பிழைக்கும். அப்போது ஒயரோடு வந்ததை எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கையேடு அனுமதித்தால் சரி, இல்லாவிட்டால் இருக்கட்டும். ஆனால் அதைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இரவில், ஆட்டத்தில், தலைகீழாகக் குனிந்து ஃபியூஸ் தேடியவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இணைப்புகளைக் கிரிம்ப் செய்யுங்கள் (முனையைக் கருவியால் அழுத்திப் பூட்டுவது), சால்டர் வேண்டாம். சால்டர் இழைகளுக்குள் ஏறி ஒயரை ஓர் இடத்தில் குச்சி மாதிரி விறைக்க வைத்துவிடும். படகு குலுங்கும்போது அந்த விளிம்பில்தான் ஒடியும். ராட்செட் வைத்த கிரிம்ப் கருவி வாங்குங்கள், குறடால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. கிரிம்ப் செய்ததும் ஒருமுறை பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும், கழன்று வந்தால் இப்போதே வரட்டும். மேலே உள்பக்கம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்). சூடாக்கும்போது இரண்டு முனையிலும் பசை பிதுங்கி ஒரு வளையம் தெரிந்தால்தான் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

வேலைக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தளத்து மூடிகளைத் திறந்து காற்றாட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். அடியில் தங்கி நிற்கும். அங்கே ஹீட் கன்னோடு குனிவதை நினைத்துப் பாருங்கள்.

#7 அலைவரிசை

யாரும் ரேடியோவைப் பற்றிப் பேசவில்லையே. பழைய படகில் இருக்கும் டி.எஸ்.சி. ரேடியோவுக்குள் முந்தைய உரிமையாளரின் எம்.எம்.எஸ்.ஐ. எண் (படகின் ரேடியோ அடையாள எண்) உட்கார்ந்திருக்கும். 9 இலக்கம். நீங்கள் சிவப்பு பட்டனை அழுத்தினால் சேனல் 70ல் போகும் அபாய அழைப்பு அவர் எண்ணோடு போகும். மீட்பு மையத்தில் தேடினால் அவர் பெயர், அவர் தொலைபேசி, அவர் படகின் விவரம். அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு "நான் நலமாக இருக்கிறேனே" என்பார். நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள்.

மெனுவில் போய் அந்த எண்ணைப் பாருங்கள். நிறைய ரேடியோக்களில் எண்ணை ஒருமுறை அல்லது இருமுறைதான் பதிய முடியும். அதற்குப் பிறகு பூட்டிக்கொள்ளும், தயாரிப்பாளரிடமோ முகவரிடமோ கொடுத்துத்தான் அழிக்க வேண்டும். ஏ.ஐ.எஸ்.ஸிலும் அதே எண் போக வேண்டும், அங்கேயும் ஒரு முறைதான் பல கருவிகளில். ஆகவே எண் கைக்கு வரும்வரை எதையும் தட்டாதீர்கள். படகில் 406 மெகாஹெர்ட்ஸ் இபர்ப் (செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் கருவி) இருந்தால் அதன் பதிவையும் மாற்றுங்கள், பேட்டரி காலாவதித் தேதியையும் பாருங்கள்.

அடுத்தது, ரேடியோவுக்கு ஜி.பி.எஸ். வருகிறதா? உள்ளேயே ஜி.பி.எஸ். இல்லாத பழைய ரேடியோ என்றால் பிளாட்டரிலிருந்து என்.எம்.இ.ஏ. 0183 (படகுக் கருவிகள் தகவல் பரிமாறும் ஒயர் இணைப்பு) வழியாக இடம் கொடுக்க வேண்டும், 4800 பாட். இல்லாவிட்டால் நீங்கள் ஆபத்தில் இருப்பது தெரியும், எங்கே என்பது தெரியாது.

ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளையும் மாற்றிவிடுங்கள். பழைய படகில் மெல்லிய ஆர்.ஜி.-58 இருக்க வாய்ப்பு அதிகம். அது புதிதாக இருக்கும்போதே 6 மீட்டரில் கால்வாசி சக்தியைத் தின்றுவிடும். உள்ளே ஈரம் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆன்டெனா முனையில் கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள், பச்சை பூத்திருந்தால் முழுக் கேபிளும் போச்சு என்று வையுங்கள்.

#8 ஆழமானி

ஓட்டை பற்றிய பயத்துக்குப் பதில். உங்கள் படகின் அடி கெட்டி ஃபைபரா, நடுவில் நுரையோ மரமோ வைத்ததா என்று முதலில் தெரிய வேண்டும். கெட்டி ஃபைபர் என்றால் டிரான்ஸ்டியூசரை உள்ளேயே ஒட்டி ஃபைபர் வழியாகப் பார்க்க வைக்கலாம், ஓட்டையே வேண்டாம். நடுவில் நுரை இருந்தால் ஒலி அதில் செத்துவிடும். ஒட்டுவதற்கு முன்னால் சோதிக்க ஒரு வழி: கெட்டியான பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதில் போட்டுக் கட்டி, பில்ஜில் (படகின் அடிக்குழியில்) கொஞ்சம் தண்ணீர் தெளித்து அதன்மேல் வையுங்கள். ஆழம் வருகிறதா என்று படகு மிதக்கும்போது நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். காற்று இடைவெளி மட்டும் ஆகாது. ஃபைபரில் கொஞ்சம் சக்தி வீணாகும், தண்ணீரின் வெப்பநிலையும் தவறாகக் காட்டும், பக்கவாட்டுப் படம் காட்டும் ரகங்கள் வேலைக்கே ஆகாது.

ஔட்போர்டு படகுக்கு டிரான்சமில் (படகின் பின்சுவரில்) வெளியே மாட்டுவதுதான் பலர் செய்வது. புரொப்பெல்லர் வலஞ்சுழி என்றால் வலது பக்கம், அதாவது இறக்கை கீழே இறங்கும் பக்கம், புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 38 செ.மீ. தள்ளி. அடியில் நீளவாக்கில் ஓடும் வரம்புகளுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள், அவை குமிழைக் கிளப்பும். இடம் சரியாக அமைய இரண்டு மூன்று முறை நகர்த்த வேண்டி வரும். டிரான்சமை ஒவ்வொரு முறையும் துளைக்காமல், ஒரு பிளாஸ்டிக் பலகையை எபாக்சியால் ஒட்டிவிட்டு அதில் திருகுங்கள்.

கேபிள் நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள். சுருட்டிக் கட்டி வையுங்கள். வெட்டி ஒட்டினால் இரைச்சலும் ஈரமும் அந்த இடத்தில் குடியேறும்.

#9 புதுத்துடுப்பு

மூன்று வாரம் ஆயிற்று. கடற்காகம் அண்ணன் வழியில் ஆரம்பித்து நங்கூரம் அண்ணன் வழியில் முடித்தேன், நடுவில் மாட்டிக்கொண்டேன்.

8 ஒயரை உரித்துப் பார்த்தேன். 5 உள்ளே கறுப்பு. பல்பு சோதனையில் டாஷில் 10.4 வோல்ட். அதனால் மாற்றுவது என்று முடிவு. சீட்டு ஒட்டினேன், படம் வரைந்தேன், ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் ஒரு பழுப்பு ஒயர் மிஞ்சியது. எல்லாச் சுவிட்சையும் போட்டும் அணைத்தும் பார்த்தேன், பில்ஜ் பம்ப் சுவிட்ச் ஒன்றைத் தவிர. அது கைக்கு எட்டாத மூலையில் இருந்தது. பழுப்பு ஒயரில் எப்போதும் 0 வோல்ட். செத்த ஒயர் என்று வெட்டி, இரண்டு முனையையும் மூடிவிட்டேன். பிறகு பம்ப் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன், பம்ப் ஓடியது. நிம்மதி.

நான்காவது நாள் இரவு முழுக்க மழை. படகு தண்ணீரில் கட்டிக் கிடந்தது. காலையில் போனால் பில்ஜில் முழங்கைவரை தண்ணீர். தண்ணீர் ஏறினால் பம்பைத் தானாக ஓட்டும் ஃப்ளோட் சுவிட்ச் மேலே தூக்கி நிற்கிறது, பம்ப் அசையவில்லை. சுவிட்சைப் போட்டதும் ஓடி இறைத்துவிட்டது. புது ஃபியூஸ் பிளாக், பஸ்பார் எல்லாம் டாஷுக்குப் பின்னால் உயரத்தில் இருந்ததால் தப்பின.

என்ன நடந்தது என்று புரிய ஒரு மணி நேரம் ஆனது. ஃப்ளோட்டிலிருந்து வெளியேறும் பழுப்பு ஒயர் நேராகப் பம்புக்குப் போகவில்லை. மேலே பேனலுக்கு வந்து, பம்ப் சுவிட்சின் ஒயரோடு சேர்ந்து, திரும்பக் கீழே இறங்குகிறது. ஃப்ளோட் கீழே தொங்கும்வரை அதில் 0 வோல்ட்தானே இருக்கும்!

#10 கடற்காகம்

நான் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. 🙂

#11 கம்பிக்காரன்

இது எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான். ஏ.பி.ஒய்.சி. நிறப் பட்டியலில் பழுப்பு என்றால் பம்ப். சாம்பல் வழிவிளக்கு, ஊதா இக்னிஷன், இளஞ்சிவப்பு எரிபொருள் மானி. மைனஸ் கறுப்பு அல்லது மஞ்சள். பழைய படகில் நிறத்தை முழுதாக நம்ப முடியாது, ஆனால் வெட்டுவதற்கு முன் யாரைச் சந்தேகப்படுவது என்று சொல்லும்.

0 வோல்ட் காட்டும் ஒயர் செத்தது என்று அர்த்தமில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓம் நிலையில் வைத்து, அது எதோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃப்ளோட்டைக் கையால் தூக்கி ஒருமுறை, இறக்கி ஒருமுறை. பில்ஜ் பம்பின் தானியங்கிப் பக்கத்தை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, தனி ஃபியூஸோடு பேட்டரியிலிருந்து நேராக எடுத்துவிடுங்கள். இணைப்பைப் பேனலில் வைக்காமல் பம்புக்குப் பக்கத்தில், ஆனால் தண்ணீர் எட்டாத உயரத்தில் வையுங்கள். சோதனை என்றால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது. சுவிட்சைத் தட்டிப் பார்ப்பது சுவிட்சுக்கான சோதனை.

#12 புதுத்துடுப்பு

வாளி ஊற்றினேன், ஓடுகிறது. நன்றி சார்.

இப்போது என்.எம்.இ.ஏ. 2000, கருவிகளை ஒரே கேபிளில் கோக்கும் நெட்வொர்க். பிளாட்டர், ஏ.ஐ.எஸ். இரண்டையும் அதில் மாட்டினேன். ஏ.ஐ.எஸ். சில நேரம் பிளாட்டரில் தெரிகிறது, சில நேரம் காணாமல் போகிறது. மின்சாரம் வருகிறது, 12.4. கேபிளை மாற்றியும் பார்த்தேன்.

#13 கம்பிக்காரன்

நெட்வொர்க்கின் மின்சாரத்தை அணையுங்கள். காலியான ஒரு சொருகியில் வெள்ளை, நீலம் இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்து சொல்லுங்கள். நடு முதுகெலும்புக் கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும். இரண்டும் இணையாகச் சேர்ந்து 60 வரணும்.

#14 புதுத்துடுப்பு

40.

#15 கம்பிக்காரன்

அப்படியென்றால் மூன்று டெர்மினேட்டர் போட்டிருக்கிறீர்கள். 120ஐ மூன்றால் வகுங்கள்.

#16 புதுத்துடுப்பு

ஆமாம். தொடக்கப் பெட்டியில் இரண்டு வந்தது, வேறொரு பெட்டியில் இன்னொன்று. டி வடிவ இணைப்பியின் காலியான வாய் ஒன்று திறந்து கிடந்ததே, தண்ணீர் போகும் என்று அதிலும் மாட்டினேன். எடுத்ததும் 60. ஏ.ஐ.எஸ். அசையாமல் நிற்கிறது. அந்த வாய்க்கு வெறும் மூடி வாங்க வேண்டும்.

#17 பழைய நங்கூரம்

120 வந்திருந்தால் ஒன்று குறைவு என்று அர்த்தம். படிப்பவர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்: முதுகெலும்பிலிருந்து கருவிக்கு இறங்கும் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, மின்சாரம் ஒரே இடத்தில்தான் ஏற வேண்டும். எஞ்சின் இக்னிஷனிலிருந்து எடுக்காதீர்கள், எஞ்சினை அணைத்ததும் எல்லாம் கண்ணை மூடிவிடும்.

#18 புதுத்துடுப்பு

முதல் ஓட்டம் முடிந்தது. மூன்று புகார்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் பிளாட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. மெதுவாகப் போகும்போது ஆழம் அருமையாக வருகிறது, 14 நாட் வேகத்தைத் தாண்டினால் கோடு கிழிந்து "--" ஆகிவிடுகிறது. மாலையில் விளக்குகளைப் போட்டதும் ரேடியோவில் தூரத்துப் படகு ஒன்றின் குரல் காணாமல் போனது. அணைத்தால் வருகிறது.

#19 அலைவரிசை

மூன்றாவது என்னுடையது. வழிவிளக்கில் எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறீர்களா? மலிவான எல்.இ.டி.யின் உள்ளே இருக்கும் மின்சுற்று வி.எச்.எஃப். அலைவரிசையிலேயே இரைச்சல் கக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018ல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ரேடியோ மட்டுமல்ல, ஏ.ஐ.எஸ்.ஸும் அடிபடும்.

சோதனை எளிது. விளக்குகளை அணைத்து, அமைதியான ஒரு சேனலுக்குப் போய், இரைச்சல் நிற்கும் இடம்வரை மட்டும் ஸ்குவெல்ச் (இரைச்சலை அடக்கும்) குமிழைத் திருப்புங்கள். ஒவ்வொரு விளக்காகப் போடுங்கள். எதைப் போட்டதும் ரேடியோ சீறுகிறதோ அதுதான். ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் சில நேரம் குறையும். விளக்கையே மாற்றுவதுதான் தீர்வு.

#20 ஆழமானி

டிரான்ஸ்டியூசரை 3 மி.மீ. கீழே இறக்குங்கள். அடி விளிம்புக்குக் கொஞ்சம் கீழே முகம் தெரிய வேண்டும், வேகத்தில் தண்ணீர் பிளந்து பின்னால் போகும்போது அந்த முகம் காற்றில் இருக்கக் கூடாது. அப்போதும் வரவில்லை என்றால் 5 செ.மீ. பக்கவாட்டில். ஒருமுறைக்கு ஒரு மாற்றம்தான், இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

#21 கம்பிக்காரன்

முதல் புகார் உங்கள் ஒற்றைப் பேட்டரியின் குற்றம். ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும் அந்த ஒரு விநாடி வோல்டேஜ் 10க்குக் கீழே சரிகிறது. இரண்டாவது பேட்டரி வையுங்கள், கருவிகள் அதில். நடுவில் வோல்டேஜ் பார்த்துச் சேர்க்கும் ரிலே ஒன்று. எஞ்சின் சார்ஜ் செய்து 13.3 அளவுக்கு ஏறியதும் இரண்டையும் சேர்க்கும், எஞ்சின் நின்று வோல்டேஜ் இறங்கியதும் பிரித்துவிடும். இரவெல்லாம் பிளாட்டரை எரியவிட்டாலும் காலையில் எஞ்சின் கிளம்பும்.

#22 கடற்காகம்

எல்லாம் சரி. திசைகாட்டியை யாராவது பார்த்தீர்களா? 9 அங்குலத்தை எங்கே வைத்தீர்கள் தம்பி?

#23 புதுத்துடுப்பு

திசைகாட்டிக்குப் பக்கத்தில்தான்... வேறு இடம் இல்லை. பார்க்கவில்லை. நாளை பார்க்கிறேன்.

#24 புதுத்துடுப்பு

பார்த்தேன். படகைக் கட்டிப்போட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு, ஊசியைக் கவனித்தேன். பிளாட்டருக்கு 3 டிகிரி. ரேடியோவின் வெளி ஸ்பீக்கரைத் திசைகாட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மாட்டியிருந்தேன், அதைக் கழற்றிக் கையில் எடுத்து விலக்கியதும் ஊசி 20 டிகிரி திரும்பியது. ஸ்பீக்கர் காந்தம்! அணைத்திருந்தாலும் இழுக்கும். அது இப்போது இருக்கைக்கு அடியில். பிளாட்டரைக் கையேட்டில் போட்டிருக்கும் பாதுகாப்புத் தூரத்துக்கு நகர்த்திவிட்டேன். திசைகாட்டி விளக்கின் இரண்டு ஒயரையும் முறுக்கி விட்டேன்.

மற்றவை: இரண்டாவது பேட்டரியும் ரிலேயும் வந்தாயிற்று, பிளாட்டர் இப்போது அணைவதில்லை. டிரான்ஸ்டியூசரை 3 மி.மீ. இறக்கியதில் 20 நாட் வரை ஆழம் நிற்கிறது. சீறியது அணியத்து (முன்முனை) விளக்கு, மாற்றினேன். எம்.எம்.எஸ்.ஐ. கைக்கு வந்துவிட்டது, பழைய எண்ணை அழிக்க ரேடியோ போயிருக்கிறது. டாஷில் ரேடியோ ஒயரின் முனையில் அந்த 55 வாட் பல்பை மாட்டிப் பார்த்தேன்: பேட்டரியில் 12.6, பல்பில் 12.4.

#25 பழைய நங்கூரம்

அருமை. 31 ஒயரில் இப்போது எத்தனை?

#26 புதுத்துடுப்பு

14. எடுத்தவை ஒரு சாக்கு நிறைய இருக்கின்றன.

14ல் ஒன்று மட்டும் பழையது. இன்னொரு பழுப்பு ஒயர். ஒரு முனை டாஷுக்குப் பின்னால், மறுமுனை தளத்துக்கு அடியில் நுரைக்குள் போய் மறைகிறது. 0 வோல்ட். ஓமிலும் எதோடும் சேரவில்லை. வெட்டவில்லை. முனையை மூடி, "யார் என்று தெரியவில்லை" என்று சீட்டு ஒட்டி, கட்டி வைத்திருக்கிறேன்.